எனக்கு நன்றாகத்தான் கேட்டது

“கார்ல இருந்தா கூப்பிடாதடா. வீட்டுக்குப் போயிட்டுப் பேசு.”

தஞ்சாவூரிலிருந்து அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் சாயங்காலம் ஆறரைக்கு நான் கூப்பிட்டால் எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஒரகடத்திலிருந்து தாம்பரம் வரும் வழியில், படப்பை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு அம்மாவோடு பேசக் கிடைப்பது. வீட்டு வாசலை மிதித்துவிட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள். சத்தம் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். “நீ கிணத்துக்குள்ள நின்னு பேசற. மேல யாரோ மாவு மில் ஓட்டறாங்க.”

வேடிக்கை என்னவென்றால், எனக்கு அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. அதனால்தான் இவ்வளவு நாள் ஏமாந்தேன். மூன்று மாதம், ஆறாயிரத்துக்கு மேல் பணம், அரைநாள் விடுப்பு இரண்டு. போனது இவ்வளவும்.

வண்டி 2014 மாடல் சின்னக் கார். வண்டியோடு வந்த கம்பெனி மியூசிக் செட்டில் பட்டன்கள் வேலை செய்யாமல் போனதால், போன தீபாவளிக்கு முன்பு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் ஒன்பது இன்ச் திரையுள்ள ஆண்ட்ராய்டு செட் போட்டேன். ரிவர்ஸ் கேமரா, மேப், பாட்டு எல்லாம் பிரமாதம். போனோடு ப்ளூடூத்தில் ஒரே நிமிடத்தில் ஜோடி சேர்ந்தது. காரில் நான் பேசுவது இந்தச் செட் வழியாகத்தான். பாட்டு இவ்வளவு நன்றாக இருக்கிறதே, போன் கால் மட்டும் எப்படிக் கெடும் என்று நினைத்தேன். முதல் தப்புக் கணக்கு அதுதான். ப்ளூடூத்தில் பாட்டு வருவது ஒரு வழி, கால் போவது வேறு வழி. பாட்டு செட்டை நோக்கி மட்டும் ஓடுகிறது. கால் என்றால் இரண்டு பக்கமும் ஓட வேண்டும், நடுவில் மைக் வேறு. பாட்டின் தரத்தை வைத்து காலின் தரத்தை எடைபோடவே முடியாது.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் போனில் கேட்டார்: “மெஷின் ஓடற ஷாப் ஃப்ளோர்லயா இருக்கீங்க? வெளிய வந்து பேசுங்க.” நான் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, ஏசி போட்டு, கார் பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே கடைக்குப் போனேன். கடைக்காரர் காரில் ஏறவே இல்லை, வெளியே நின்றபடி சொன்னார்: “சார், செட்டு ஹெவி, ஸ்பீக்கர் பழசு. அதான் மேட்ச் ஆகல.” முன்கதவு ஸ்பீக்கர் இரண்டும் மாற்றி, ஃபிட்டிங்கோடு 5,400 ரூபாய். அன்று சாயங்காலம் அம்மாவின் குரல் எனக்கு இன்னும் கணீரென்று கேட்டது. அம்மாவுக்கோ முன்னைவிட மோசம். “நான் பேசறது எனக்கே திரும்பிக் கேக்குது. வைடா போனை.”

ஸ்பீக்கர் என்பது எனக்குக் கேட்பதற்கு. புகார் வந்தது எதிர்முனையிலிருந்து. கடைக்காரர் சொன்னதும் மண்டையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன் பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

இந்த எதிரொலி விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். எதிராளிக்கு அவர் குரலே திரும்பிக் கேட்டால் கோளாறு நம் பக்கம். நமக்கு நம் குரல் திரும்பிக் கேட்டால் கோளாறு அவர் பக்கம். அம்மாவின் குரல் என் ஸ்பீக்கரில் வந்து, என் மைக்குக்குள் புகுந்து, மறுபடி தஞ்சாவூருக்குப் போகிறது. செட்டுக்குள் இருக்கும் எதிரொலி நீக்கி, தான் ஸ்பீக்கருக்கு அனுப்பிய ஒலியை மைக்கில் வருவதிலிருந்து கழிக்கப் பார்க்கும். சத்தத்தைக் கூட்டி ஸ்பீக்கர் கரகரத்தாலோ கதவு பேனல் அதிர்ந்தாலோ, வெளியே வருவது அனுப்பிய ஒலியாக இருக்காது. கணக்கு இடித்துவிடும். புது ஸ்பீக்கர் போட்ட குஷியில் நான் கால் சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தேன். என் செட்டில் கால் சத்தத்துக்குத் தனி அளவு, கால் ஓடும்போது மட்டும்தான் அதை மாற்ற முடியும். அதைப் பாதிக்குக் கீழே இறக்கியதும் எதிரொலி முக்கால்வாசி போய்விட்டது. செலவு பூஜ்யம்.

கிணறும் மாவு மில்லும் அப்படியே இருந்தன.

அடுத்த சனிக்கிழமை மறுபடி கடை. “செட்டுல ஒண்ணும் இல்ல சார், உங்க போன்தான்.” வேறு போன் வைத்துப் பார்க்கலாமே என்றேன். அவர் போனை எடுத்து இணைத்து, கல்லாவில் இருந்த பையனைக் கூப்பிட்டு, “கேக்குதாடா?” என்றார். “கேக்குதுண்ணே” என்றான் பையன். காரின் கதவு திறந்திருந்தது, இன்ஜின் ஓடவில்லை, பையன் இருபதடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவனுக்குப் போன் இல்லாமலேயே கேட்டிருக்கும். வாரண்டியில் மாற்றித் தாருங்கள் என்றால், பில் எங்கே என்றார். என்னிடம் இருந்தது துண்டுச்சீட்டில் எழுதிய மதிப்பீடு. வாரண்டி அட்டையில் தேதியும் இல்லை, முத்திரையும் இல்லை. செட்டைப் பூட்டிய ஆளும் வேலையை விட்டுப் போயிருந்தார். செட் வாங்கும் அன்றே அட்டையில் முத்திரை குத்தி வாங்கிவிடுங்கள். குத்தாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

அதற்கப்புறம் ராத்திரி ராத்திரியாக நானே தோண்ட ஆரம்பித்தேன். போனில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் மெனுவுக்குள் போய் ப்ளூடூத் கோடெக்கை, அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை, மாற்றி மாற்றி இரண்டு நாள் போனது. அது பாட்டுக்கு மட்டும்தான், காலைத் தொடவே தொடாது. அப்புறம் நல்ல கேபிள் ஒன்று வாங்கி ஆண்ட்ராய்டு ஆட்டோவை (போனின் மேப், கால் எல்லாவற்றையும் காரின் திரையில் காட்டும் வசதி) கேபிளில் ஓட்டினேன், குரலும் கேபிளில் போகும் என்ற நம்பிக்கையில். கேபிள் செருகியிருந்தாலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கால் ப்ளூடூத்தில்தான் போகிறது. கேபிளுக்கு 450 ரூபாய். சார்ஜ் ஏற உதவுகிறது.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை ஓரம்கட்டிவிட்டு யாரையாவது கூப்பிடுங்கள். கால் ஓடும்போதே போன் திரையில் ப்ளூடூத்திலிருந்து போனுக்கு மாற்றிப் பேசுங்கள், மறுபடி ப்ளூடூத்துக்கு வாருங்கள். போனில் தெளிவாகவும் ப்ளூடூத்தில் மோசமாகவும் கேட்கிறது என்று எதிராளி சொன்னால், சிம்மையும் டவரையும் திட்டுவதை விட்டுவிடலாம். குற்றவாளி பெரும்பாலும் கார் பக்கம்தான். ஒரு நிமிட வேலை. நான் இதைச் செய்தது ஸ்பீக்கர் மாற்றி ஒரு மாதம் கழித்து.

அடுத்ததாக, வீட்டில் மனைவியின் போனில் கால் ரெக்கார்டிங்கைப் போடச் சொல்லிவிட்டு, கீழே காரில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினேன். இன்ஜின் ஆஃப். இன்ஜின் ஆன். ஏசி ஒன்றில். ஏசி நான்கில். ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினேன். மேலே போய்க் கேட்டபோதுதான் அம்மாவின் மூன்று மாதக் கஷ்டம் எனக்குப் புரிந்தது. இன்ஜின் ஆஃபில் குரல் சுமார், ஆனால் எங்கோ தூரத்தில். ஏசி நான்கில் வைத்ததும் மாவு மில். அதற்கு நடுவே என் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் குழைந்து குழைந்து வந்தது. இரைச்சலை நீக்கும் மென்பொருள் காற்றுச் சத்தத்தைத் துடைக்கப் பார்த்து, கூடவே என் குரலையும் துடைத்துக்கொண்டிருந்தது.

செட்டின் முகப்பில் ஓரமாக இரண்டு ஊசித் துளைகள் இருக்கும். ஒன்று ரீசெட், இன்னொன்று மைக். என் காரில் அந்த மைக் துளைக்கு நேர் மேலே நடு ஏசி வென்ட். வெயிலில் வந்தவன் முகத்தில் விசிறி வைத்தாற்போல் மைக்கின் முகத்தில் நாள் முழுக்கக் காற்று. போதாக்குறைக்கு அது என் வாயிலிருந்து இரண்டடிக்கு மேல் தள்ளி, என்னைப் பார்க்காமல் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய கம்பெனி செட்டுக்கு மைக் இருந்தது கூரையில், ரூம் லைட்டுக்குப் பக்கத்தில். வண்டியைச் செய்தவர்கள் யோசித்துத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள்.

சரி, வெளி மைக் வாங்குவோம் என்று ஆன்லைனில் ஒரு சட்டை மைக் வாங்கினேன். வீடியோ எடுப்பவர்கள் காலரில் மாட்டுவார்களே, அது. பொருந்தவில்லை. அதன் செருகும் முனையில், அதாவது பின்னில் (pin), மூன்று கறுப்பு வளையங்கள், போனுக்கென்று செய்தது. என் செட்டுக்கு வேண்டியது சாதாரண மோனோ பின், ஒரே வளையம். வாங்குமுன் வளையத்தை எண்ணிக்கொள்ளுங்கள். 350 ரூபாய்ப் பாடம்.

இந்த நிலைமையில்தான் முடிச்சூர் சாலையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன். ஹாரன் ரிலே பார்க்கப் போனவன், பேச்சுவாக்கில் இதையும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் பட்டையால் ஃபிரேமை நெம்பினார், நான்கு ஸ்க்ரூ, செட்டை வெளியே இழுத்தார். கையைப் பின்னால் விட்டுத் துழாவிவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, மைக்கு இங்கதான் இருக்கு. சுருட்டி டேப் போட்டு உள்ள வச்சு மூடியிருக்கான்.”

செட்டோடு பெட்டியில் வந்த வெளி மைக். மூன்று மீட்டர் வயர் சுற்றினபடியே, டேப் ஒட்டினபடியே, ஹீட்டர் குழாய்க்கும் செட்டுக்கும் நடுவில். பின்னைச் சரியாகச் செருகியும் இருக்கிறார்கள், அதுதான் கொடுமை. இத்தனை நாள் அம்மா என்னோடு பேசியது டேஷ்போர்டின் வயிற்றுக்குள் இருந்த ஒரு மைக்கின் வழியாக, கூடவே காற்று வாங்கும் முகப்பு மைக்கின் வழியாக. என் செட்டில் வெளி மைக்கைச் செருகினாலும் உள் மைக் அணையாது என்பதையும் அன்றுதான் பார்த்தோம். அந்தத் துளைமேல் அண்ணன் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டினார்.

வயரை டேஷ்போர்டின் ஓரமாகக் கொண்டுபோய், கதவு ரப்பர் பீடிங்கின் உள்ளே செருகி, முன்கண்ணாடித் தூண் வழியாக மேலே ஏற்றி, கூரைத் துணியின் விளிம்பில் விட்டார். மைக் உட்கார்ந்த இடம் சன் வைசருக்கும் ரூம் லைட்டுக்கும் நடுவில், என் வாயிலிருந்து ஒன்றரை அடி. ஓட்டுநர் ஜன்னல் பக்கமே வைத்துவிடலாமே என்றேன். “அங்க வச்சா கண்ணாடி இறக்கினா காத்துதான் பேசும், நீங்க பேச மாட்டீங்க” என்றார். உங்கள் வண்டியில் பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் ஜன்னல் ஓரமாகத் திரைபோல் விரியும் பை) இருந்தால், அந்தத் தூணுக்குள் கண்டபடி வயர் இழுக்க விடாதீர்கள். பை விரியும் பாதையில் வயர் குறுக்கே இருக்கக் கூடாது. என்னுடையதில் அது இல்லாததால் தப்பித்தேன்.

முடிந்தது என்று நினைத்தால், அன்று ராத்திரி ரெக்கார்டிங்கில் ஒரு கொசு ரீங்காரம். ஆக்சிலரேட்டர் மிதித்தால் கொசுவும் கூடவே ஸ்வரம் ஏறுகிறது. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் என்றால் ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருவது) சத்தம் எப்படியோ மைக் வயருக்குள் கசிகிறது என்று அர்த்தம். மறுநாள் போனதும் அண்ணனே நாக்கைக் கடித்துக்கொண்டார். செட்டின் பவர் வயரோடு மைக் வயரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார். பிரித்து வேறு பக்கம் விட்டதும் கொசு செத்தது.

மிச்சம் இருந்தது மைக்கின் உணர்திறன். ஆண்ட்ராய்டு செட்களில் பெரும்பாலும் ஃபேக்டரி செட்டிங்ஸ் என்று பூட்டிய மெனு ஒன்று இருக்கும், மைக் கெயின் அதற்குள். கடையில் கேட்டபோது “அதெல்லாம் கஸ்டமருக்குக் குடுக்க மாட்டோம் சார்” என்றிருந்தார்கள். அண்ணன் நான்கு எண்ணைத் தட்டினார், திறந்துகொண்டது. கெயின் உச்சத்தில் இருந்தது. தூரத்து மைக்குக்குக் குரல் எட்ட வேண்டுமே என்று ஏற்றி வைத்திருப்பார்கள் போல. மைக் வாய்க்குப் பக்கத்தில் வந்த பிறகு பாதி போதும். அதற்கு மேல் வைத்தால் மூச்சுவிடுவதுகூட ஊருக்குக் கேட்கும். அந்த மெனுவில் வேறு எதையும் தொடாதீர்கள், செட்டே எழும்பாமல் போகலாம்.

மொத்தக் கூலி 500 ரூபாய். ஹாரன் ரிலே சேர்த்து.

மறுநாள் ஆறரைக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஏசி மூன்றில் இருந்தது.

“என்னடா, அதுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டியா?”

படப்பையில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெட்டியில் ப்ளூடூத் 5.0 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், என் செட் கால் குரலைப் பழைய முறையில்தான் அனுப்புகிறது, நொடிக்கு 8,000 மாதிரிகள், அதாவது குரலை நொடிக்கு அத்தனை தடவை அளந்து. அதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. ‘ச’வும் ‘ஸ’வும் மழுங்கித்தான் போகும். ப்ளூடூத்தில் கால் பேசுவதற்கான விதிமுறையின் பெயர் ஹேண்ட்ஸ்ஃப்ரீ; 2011-இல் வந்த அதன் 1.6 பதிப்பிலேயே 16,000 மாதிரிக்கு வழி செய்துவிட்டார்கள், ஆனால் போனும் செட்டும் இரண்டுமே அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் ப்ளூடூத் எண்ணைப் பார்த்து மயங்காமல், அகன்ற அலைவரிசைக் குரல் (வைட்பேண்ட் ஸ்பீச்) உண்டா என்று கேளுங்கள். அதைவிட நல்லது, கடையிலேயே இன்ஜினையும் ஏசியையும் போட்டு, கதவை மூடிக்கொண்டு, வீட்டுக்கு ஒரு கால் போட்டுப் பார்ப்பது.

பெரிய மழை கூரையில் அடிக்கும்போது எந்த மைக்கும் உதவவில்லை. ஓரம்கட்டி நிறுத்திவிட்டுப் போனை எடுத்துப் பேசுகிறேன். ஓட்டிக்கொண்டே கையில் பிடித்துப் பேசினால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு காத்திருக்கிறது.

கழற்றிய பழைய ஸ்பீக்கர் இரண்டும் டிக்கியில் கிடக்கின்றன. அவற்றில் ஒரு குறையும் இல்லை. வேண்டுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், தாம்பரம் பக்கம் என்றால் நானே கொண்டுவந்து தருகிறேன்.