புகாரை வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள்

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் ஒரு அக்கா நேற்று அழுதுகொண்டே வந்தார். வகுப்பில் பையனைச் சாதி சொல்லிக் கூப்பிடுகிறார்களாம், அதுவும் ஆசிரியரே. "எழுதிக் கொடுத்தா பிள்ளையத்தான் தம்பி கட்டம் கட்டுவாங்க" என்கிறார். நியாயமான பயம்தான்.

ஆனாலும் எழுதினோம், பையனின் கோடு போட்ட நோட்டுத் தாளிலேயே. எந்தத் தேதி, எந்த பீரியட், பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாம். "மனம் புண்படப் பேசினார்" என்று பூசி மெழுகினால் வேலைக்கு ஆகாது. சொன்ன வார்த்தையை அப்படியே எழுதணும். நகலில் கையெழுத்தும் முத்திரையும் கேட்டு வாங்கணும். தலைமையாசிரியர் மறுத்தால் கல்வி அலுவலருக்கு ஒப்புகையோடு தபால்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பாலியல் தொல்லை என்றால் இன்னும் கடுமை: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதே குற்றம். "ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்று பஞ்சாயத்துப் பேச வரும் பெரிய மனிதர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டு வரட்டும்.

போனில் சொல்ல, பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098. இரண்டும் இலவசம். டவர் கிடைக்க மேட்டுக்கு ஏறணும், அது நம்ம ஊர் தலையெழுத்து.