மஞ்சாரே: ஓர் இத்தாலிய வினையின் வேரைத் தேடிப் பார்த்தேன்

இத்தாலிய வினைச்சொற்களின் வேரைத் தேடி நோட்டில் எழுதி வருகிறேன். இப்போது எடுத்துக்கொண்டது மஞ்சாரே, அதாவது சாப்பிடுதல். சாப்பாட்டுக்குப் பேர்போன நாட்டில் இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது என்கின்றன அகராதிகள். எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று நானே பார்த்துவிட ஆசை.

லத்தீனில் பழைய வினை எதெரே. குட்டிச் சொல், ஒழுங்காகத் திரியாது, சில வடிவங்கள் 'இரு' வினையோடு போய் முட்டும். பேச்சில் அது நிலைக்கவில்லை. ஸ்பெயினில் முன்னொட்டோடு கூடிய கொமெதெரே பிழைத்துக் கொமேர் ஆனது. இத்தாலியிலும் பிரான்சிலும் 'மெல்லுதல்' என்ற பொருளுள்ள மந்தூக்காரே அந்த இடத்தைப் பிடித்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸே ஒரு கடிதத்தில், ராத்திரி குளிக்கும் இடத்தில் இரண்டு வாய் சாப்பிட்டதை இந்த வினையால்தான் சொல்கிறார். அந்தக் கடிதத்தை அவர் வாழ்க்கையை எழுதிய சுவெட்டோனியஸ் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

சரி, பிரெஞ்சுத் தடயம் எங்கே? ஒரே லத்தீன் மூலமுள்ள ஜோடிகளை எழுதிப் பார்த்தேன். தீர்ப்பளிக்க இத்தாலியனில் ஜூதிக்காரே, பிரெஞ்சில் ஜூஜே. பழிவாங்க வெந்திக்காரே, வாஞ்ஜே. இத்தாலியனில் 'க்கா' அப்படியே நிற்கிறது. பிரெஞ்சில் நடு உயிர் உதிர்ந்து, த-வும் க-வும் நெருங்கி 'ஜ' ஆகிவிடுகிறது. மஞ்சாரேயில் கேட்பது அந்த 'ஜ' ஒலிதான்.

அப்படியென்றால் மந்தூக்காரேவுக்கு இத்தாலியிலேயே பிறந்த உள்ளூர் வாரிசு எது? அதற்கு இத்தாலியக் கவிஞர் தாந்தேயிடம் போனேன். நரகத்தைப் பற்றிய அவரது 'இன்ஃபெர்னோ'வில், பீசா நகரக் கோபுரத்தில் பிள்ளைகளோடு பட்டினி போடப்பட்ட உகோலீனோவின் கதை. நரகத்தில் பசித்தவன் ரொட்டி தின்பதுபோல் அவன் எதிரியின் மண்டையைக் கடிக்கும்போது 'மந்தூக்கா'. முன்பு கோபுரத்தில் இருந்தபோது துயரத்தில் அவன் தன் கைகளைக் கடித்ததும், பிள்ளைகள் அதைச் சாப்பிடும் ஆசை என்று நினைக்கிறார்கள், அங்கே 'மனிக்கார்'. உடனே எழுந்து, 'அப்பா, எங்களைத் தின்றால் எங்களுக்கு வலி குறையும்' என்கிறார்கள்; அங்கே 'மஞ்சி'. லத்தீன் சாயல், உள்ளூர் வடிவம், பிரெஞ்சு வழி வந்தது என மூன்றும் 80 வரிகளுக்குள்! படித்துவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லை. தாந்தே இறந்தது 1321இல். அப்போது மனிக்காரேயும் மஞ்சாரேயும் கூடவே புழங்கியிருக்கின்றன. பின்னால் மனிக்காரே வழக்கொழிந்தது.

அடுத்தது அந்தாரே, 'போதல்'. 'போகிறேன்' என்பதற்கு வாதோ, 'போகிறோம்' என்பதற்கு அந்தியாமோ என்று இரண்டு வேர்கள் ஒரே வினைக்குள் கலந்து கிடக்கின்றன. வாதோ லத்தீன் வாதெரேயிலிருந்து வந்தது. அதில் தகராறு இல்லை. 'அந்' பகுதிக்குத்தான் ஆம்புலாரேயா, ஆம்பிதாரேயா என்று அறிஞர்களுக்குள் இழுபறி. அதற்கும் இதே ஜோடி முறையைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.