ஐஸ் போதையும் மனப்பிறழ்வும்: வீட்டார் அறிய வேண்டியவை

இலங்கையில் 'ஐஸ்' என்று அழைக்கப்படும் மெத்தாம்பெட்டமைனுக்கு அடிமையான ஒருவர், சுவருக்கு அப்பால் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றும் வீட்டாரே தன்னைப் பொலிஸாரிடம் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்றும் அஞ்சத் தொடங்கும்போது, பல குடும்பங்கள் முதலில் சாத்திரியாரிடம்தான் ஓடுகின்றன. கோயிலுக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை. சிகிச்சை தள்ளிப்போவதுதான் கவலை.

இந்தப் பொருள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை அளவுமீறிப் பெருகச் செய்கிறது. அதனோடு சில இரவுகள் நித்திரையும் இல்லாமற்போனால் சந்தேகம் அசைக்க முடியாத நம்பிக்கையாகிறது, குரல்கள் கேட்கின்றன, பூச்சி ஊர்வதாக நினைத்துச் சிலர் தோலைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். 1958இல் லண்டன் மருத்துவர் பிலிப் கானல், இதே வகையைச் சேர்ந்த ஆம்பெட்டமைனால் இந்நிலைக்கு ஆளான 42 பேரை ஆராய்ந்து, இது சிஸோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயைப் போலவே தோன்றினாலும், அந்தப் போதைப்பொருள் உடலைவிட்டு நீங்கியதும் பெரும்பாலும் விரைவில் தெளிந்துவிடுகிறது என்று காட்டினார். ஆகவே முதல் நாளே 'பைத்தியம்' என்று முத்திரை குத்துவது அநியாயம். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் வேறு மனநோய் உண்டா என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள்.

அவர் இப்படி அஞ்சும் நேரத்தில் வாதாடக் கூடாது. 'அங்கே ஒருவருமில்லை' என்று நிரூபிக்க முயல்பவரும் அவருடைய கணக்கில் எதிரியாகிவிடுவார். 'பயமாக இருக்கிறதா தம்பி, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்' என்று ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுவதும், தொலைக்காட்சியை நிறுத்துவதும், வாசலை மறிக்காமல் நிற்பதும் போதும். கட்டிப்போடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் கொதித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். எதை எடுத்தார் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். லோராசெபாம், ஒலான்சபைன் போன்ற அமைதிப்படுத்தும் மருந்துகளைத் தேர்ந்துகொடுக்க அந்தத் தகவல் அவருக்கு வேண்டும்.

குரல்கள் அடங்கிய பின் கடும் சோர்வும் சில வேளை தற்கொலை எண்ணமும் வரக்கூடும். தெளிந்துவிட்டார் என்று நிம்மதியடையும் அந்த நாட்களில்தான் அவரைத் தனியே விடக் கூடாது. 1926 என்ற உளநல உதவி எண்ணும் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெத்தாம்பெட்டமைன் பரவிய ஜப்பானில் மருத்துவர்கள் கவனித்த ஒன்று இங்கும் பொருந்தும்: ஒருமுறை இந்நிலைக்குப் போனவருக்கு, பிறகு சிறிதளவு எடுத்தாலும், சிலருக்கு எடுக்காமலே மன அழுத்தத்தாலும், அது திரும்பக்கூடும். ஆகவே 'மறுபடி எடுத்தாயா' என்று துருவுவதற்கு முன் 'இரவு நித்திரை கொண்டாயா' என்று கேளுங்கள். தொடர்ந்து இரண்டு இரவு இல்லையென்றால் கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் அழைத்துச் செல்லுங்கள்.