சோடாபுட்டி சாமி

சபரிமலைக்கு இருமுடி கட்டும் நாளில் எங்கள் குழுவில் ஒரு சிக்கல். இருபத்தோரு பேரில் மூன்று பேர் முருகன். பை மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பையிலும் குருசாமி ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் அரை நிமிஷம் யோசித்துவிட்டு எழுதினார்: சோடாபுட்டி சாமி.

ஆறாம் வகுப்பில் கண்ணாடி போட்ட அன்றே ஒட்டிக்கொண்ட பெயர் அது. கல்லூரி விடுதியில் சீக்கிரம் தூங்கியதால் ‘தாத்தா’. ஆபீஸில் ஒரு ரூபாய் உதைத்தாலும் பில்லைத் திருப்பி அனுப்புவதால் ‘ஆடிட்டர்’. முருகன் என்று என்னைக் கூப்பிடுவது பேங்க்கில் மட்டும்தான். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டதும் அத்தனையும் போயிற்று. நாற்பத்திரண்டு வயதில் நான் முதல் முறை மலைக்குப் போகும் கன்னிச்சாமி. என்னை ‘யோவ்’ என்று கூப்பிடும் மேலதிகாரி “வாங்க சாமி, உக்காருங்க” என்றார். என் மகன் மட்டும் “அப்பா சாமி” என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டான். அம்மாவுக்கு இதில் எதுவும் புதிதில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோதே “என் சாமி, ஒரு வாய் கஞ்சி குடி” என்று சொன்னவள்தானே!

குருசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் தெரு முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. ஊரில் அவர் பெயரே ‘பஞ்சர்’தான். எட்டு வயதில் மாலை போட ஆரம்பித்து, பதினெட்டாம் வருஷம் தென்னங்கன்று சுமந்துபோய் நட்டுவிட்டு வந்தவர். மண்டல காலத்தில் அவர் காலில் விழாத வாத்தியாரோ வக்கீலோ எங்கள் தெருவில் இல்லை. ‘டேய், காத்து அடி’ என்று பழகிய வாய் எனக்கு. முதல் வாரம் குருசாமி என்று சொல்ல நாக்கு புரளவே இல்லை.

நெய்த்தேங்காயையும் அவரேதான் தயார் செய்து கொடுத்தார். நார் போக மழமழவென்று தேய்த்து, ஒரு கண்ணைத் துளைத்து நீரை வடித்து, உருக்கிய பசு நெய்யை மெல்லிய தாரையாக ஊற்றினார். மேலே வந்த குமிழிகள் அடங்கும் வரை காத்திருந்து, கார்க்கை வைத்து அமுக்கி அடைத்தார். கிரீஸ் போகாத நகக்கண்கள். டியூப் ஒட்டும்போது இருக்கிற அதே நிதானம்.

செங்கோட்டை தாண்டி முதலில் ஆரியங்காவு. அப்புறம் குளத்துப்புழை. ஆற்றில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, அர்ச்சனை ரசீதுக்குப் போய் நின்றேன். “பேரு? நாளு?” என்றார் கவுண்டரில் இருந்தவர். சட்டென்று பெயர் வரவில்லை, சாமி என்றுதான் வந்தது. அவர் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

வேனில் சரணம் சொல்லிக்கொண்டே போனபோதுதான் ஒன்று உறைத்தது. குளத்துப்புழையில் ஐயப்பன் பாலகன், ஆரியங்காவில் ஐயன், அச்சன்கோவிலில் அரசன். ஆரியங்காவில் கல்யாணம்கூட உண்டு. மதுரை சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வருகிறார்கள். வயதுக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர். வில் எடுத்ததால் வில்லாளி வீரன், புலி மேல் வந்ததால் வன்புலி வாகனன், பிடித்ததை வைத்து நெய்யபிஷேகப் பிரியன். எங்கள் குழுவில் ஒருவரை ‘பஜ்ஜி மாமா’ என்போம், அதே கதைதான். மணிகண்டன் மட்டும் என்ன? பம்பைக் கரையில் குழந்தையைக் கண்டெடுத்தபோது கழுத்தில் மணி கிடந்தது, அதனால் மணிகண்டன். போட்டிருந்ததைப் பார்த்து வைத்த பெயர். என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

நிலக்கல்லில் வேனை விட்டுவிட்டுப் பம்பைக்குப் பஸ். நீலிமலை ஏற்றத்தில் பேச்சே இல்லை, மூச்சுதான். அப்பாச்சிமேட்டில் கால் நடுங்கியது. சரங்குத்தியில், கன்னிச்சாமிகள் குத்திவிட்டுப் போகும் சரக்கோல்கள் குவிந்து கிடந்தன. கன்னிச்சாமி வராத வருஷம் மாளிகைப்புறத்தம்மனை மணப்பதாக ஐயப்பன் வாக்கு. இந்த வருஷம் அது தள்ளிப்போனதில் என் பங்கும் உண்டு என்று நினைத்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

பதினெட்டாம்படியில் நின்று பார்க்கவெல்லாம் முடியாது. போலீஸ்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட, மேலே வந்து நின்றேன். அங்கே இருக்கும் ‘தத்வமஸி’, அதாவது ‘நீயே அது’ என்ற எழுத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குக் கண்ணாடியில் வியர்வை வழிந்து அதைப் படிக்கவே முடியவில்லை. சன்னதியில் இரண்டு விநாடி. விளக்கொளியும் மஞ்சளாக ஏதோ ஒன்றும் தெரிந்தன. அவ்வளவுதான்.

காலையில் அபிஷேகத்துக்கு நெய்த்தேங்காய்களை உடைத்தோம். குருசாமி பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைச் சத்தமாக வாசித்தார். “சோடாபுட்டி சாமி!” பக்கத்துக் குழுவினர் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளியில் அந்தப் பெயருக்காக ஒருவன் மூக்கை உடைத்தவன் நான். அன்றைக்கு “சாமி சரணம்” என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். நெய் பாத்திரத்தில் விழுந்தது, தேங்காய் மூடி ஆழித் தீயில் விழுந்து எரிந்தது.

ஊர் திரும்பி, அம்மா கையால் மாலையைக் கழற்றினேன். அடுத்த வாரமே பைக் பஞ்சர். உருட்டிக்கொண்டு கடைக்குப் போய், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். “சாமி...” என்று இழுத்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன சோடாபுட்டி, பின் வீலா?”