ஆனோடு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

லித்தியம் அயனி பேட்டரிக்குப் புது ஆனோடு (எதிர்மின்வாய்) உருவாக்க வேண்டும் என்று பிஎச்.டி. சேருகிறவர்களில் பலர் ஓர் எண்ணைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் வருகிறார்கள். கிராஃபைட்டின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லியாம்பியர் மணி. சிலிக்கானுக்கு அறை வெப்பநிலையில் சுமார் 3,580. நானும் சிலிக்கான்-கார்பன் கலவையில்தான் வேலை செய்தேன். அந்த எண்ணைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதல் சுழற்சியில், அதாவது ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்கும்போது, உள்ளே போன லித்தியத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை முதலில் பாருங்கள்.

சிலிக்கான் லித்தியத்தை ஏற்கும்போது மூன்று மடங்குக்கும் மேல் வீங்குகிறது. துகள் விரிசல் விடுகிறது. புதிதாகத் திறந்த பரப்பில் மின்பகுளி சிதைந்து, எஸ்.இ.ஐ. எனப்படும் மெல்லிய திடப் படலம் மறுபடி உருவாகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் அதில் சிக்கிப்போகிறது. ஆனோடுக்கு எதிரே லித்தியத் தகட்டை வைத்துச் சோதிக்கும் அரைக்கலத்தில் இந்த இழப்பு உறைக்காது. அந்தத் தகடு லித்தியத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முழுக்கலத்தில் கேத்தோடு (நேர்மின்வாய்) கொண்டுவரும் லித்தியம்தான் மொத்தக் கையிருப்பு. அங்கே கூலோம்பிக் திறன் (ஒவ்வொரு சுழற்சியிலும் உள்ளே போனதில் திரும்பி வரும் பங்கு) 99.5 சதவீதம் என்றால்கூட 100 சுழற்சியில் சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், நெஞ்சில் பதியும்.

எடை போடும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். 10 மைக்ரான் தாமிரத் தகட்டில் 12 மி.மீ. வட்டம் வெட்டினால் தாமிரம் மட்டுமே சுமார் 10 மில்லிகிராம் வரும். மேலே உங்கள் பூச்சு ஒன்றோ இரண்டோ மில்லிகிராம். தாமிரத்தின் எடையில் 0.1 மில்லிகிராம் மாறினாலே, ஒரு மில்லிகிராம் பூச்சில் கொள்ளளவு 10 சதவீதம் ஏறியோ இறங்கியோ காட்டும். அதனால் வெறும் தாமிர வட்டங்கள் சிலவற்றைத் தனியே எடை போட்டு, எவ்வளவு மாறுகிறது என்று குறித்து வையுங்கள். ஒரே பூச்சிலிருந்து குறைந்தது மூன்று காயின் செல்லாவது (நாணய வடிவச் சோதனைக் கலம்) கட்டுங்கள். மெல்லிய பூச்சில் அழகாக வரும் வரைபடத்தை நம்பி நின்றுவிடாமல், பூச்சைத் தடிமனாக்கி, சதுர செ.மீ.க்கு 2 மில்லியாம்பியர் மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பொருளின் உண்மைக் குணம் அங்கேதான் வெளிப்படும்.

துகள்களை ஒட்டிப் பிடிக்கும் பைண்டரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு அதில் வருத்தமே உண்டு. கிராஃபைட்டுக்குச் சரிப்படும் பி.வி.டி.எஃப். என்ற பைண்டர் சிலிக்கானின் வீக்கத்தைத் தாங்காது. சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்), பாலிஅக்ரிலிக் அமிலம் என்ற பைண்டர்கள் இரண்டிலும் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் சிலிக்கானின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரிலேயே ஸ்லரி (பூசுவதற்கான குழம்பு) கலக்கலாம் என்பது கூடுதல் வசதி. மின்பகுளியில் எஃப்.இ.சி. (ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட்) என்ற சேர்பொருளைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) தயாராகிறவர்கள் லித்தியம் டைட்டனேட் என்ற ஆனோடுப் பொருளைப் படிக்காமல் போகாதீர்கள். கொள்ளளவு 175தான், லித்தியத்தோடு ஒப்பிட்டால் மின்னழுத்தமும் 1.55 வோல்ட்; ஆனோடின் மின்னழுத்தம் கூடினால் கலத்தின் மின்னழுத்தம் குறையும். கலத்தின் ஆற்றலுக்கு இரண்டுமே பாதகம். ஆனாலும் அது விற்பனைக்கு வந்து ஓடிக்கொண்டிருக்கிறது. லித்தியம் போய்வரும்போது கன அளவு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அந்த மின்னழுத்தத்தில் லித்தியம் உலோகமாகப் படிவதும் இல்லை. இதை விளக்கத் தெரிந்தவர், தன் பொருளில் கொள்ளளவு குறைந்தால் பதிலுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்வார்.