உப்பு கேட்ட மிருகம்

ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் முதன்முதலில் ஒளிபரப்பான அத்தியாயம் ‘தி மேன் டிராப்’. 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் வந்தது. உருமாறும் வேற்றுக்கிரக வேட்டை மிருகங்கள் அதற்கப்புறம் எத்தனையோ வந்துவிட்டன. இதைப் போல எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

எம்-113 கிரகத்தில் பேராசிரியர் கிரேட்டரும் அவர் மனைவி நான்சியும் இடிபாடுகளை ஆராய்ந்துகொண்டு இருக்கிறார்கள். அவர்களின் மருத்துவப் பரிசோதனைக்காக எண்டர்பிரைஸ் விண்கப்பலிலிருந்து மூன்று பேர் இறங்குகிறார்கள். நான்சியை ஒரு காலத்தில் காதலித்த டாக்டர் மெக்காய்க்கு அவள் அன்றைக்குப் பார்த்த அதே இளம்பெண்ணாகத் தெரிகிறாள். கேப்டன் கர்க் பார்ப்பது தலை நரைக்கத் தொடங்கிய பெண்ணை. கப்பல் ஊழியர் டார்னெல் கண்ணுக்கோ முன்பு எங்கோ பார்த்த பொன்னிறக் கூந்தல்காரி. ஒரே அறை, ஒரே நேரம்! உண்மையில் அது நான்சியே இல்லை, உருமாறும் ஒரு மிருகம். அது உடம்பை மாற்றிக்கொள்கிறதா, பார்ப்பவர் மனதில் இருப்பதை எடுத்து அவருக்கே காட்டுகிறதா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

நிஜ நான்சியை அது எப்போதோ கொன்றுவிட்டது. அதற்கு உப்பு வேண்டும். மனித உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சிவிட்டால் ஆள் காலி, முகத்தில் சிவப்பு வட்டங்கள்தான் மிச்சம்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஆலோசனைக் கூட்டம் நடக்கும் காட்சியை. கப்பலுக்குள் வந்துவிட்ட மிருகம் அப்போது மெக்காய் உருவத்தில் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. தன் இனத்தில் அதுதான் கடைசி என்று கிரேட்டர் வாதாடுகிறார். கோடிக்கணக்கில் திரிந்து ஆயிரம் அளவுக்குச் சுருங்கிப்போன அமெரிக்கக் காட்டெருமைதான் அதற்கு முன் கிரகத்தில் அவர் காட்டிய உதாரணம். உப்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அன்பும் அதற்கு வேண்டும் என்கிறார். அப்போது அந்தப் போலி மெக்காய் வாயைத் திறக்கிறது: தந்திரம் எதுவும் இல்லாமல் உப்பைக் கொடுத்துவிடலாமே, அது ஏன் நம்மைத் தாக்கப் போகிறது?

அந்தக் கப்பலிலேயே நியாயமான யோசனை அதுதான். சொன்னது மிருகம். தனக்காகத் தானே வக்காலத்து வாங்குகிறது, அதுவும் எல்லோரும் நம்பும் ஒருவர் குரலில். மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லி அதை மிரட்டலாகப் பேசவே இல்லை, அக்கறையுள்ள டாக்டர் பேசுவது போலத்தான் பேசுகிறார். கர்க் ஏற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அது கிரேட்டரையே கொன்றுவிடுகிறது. தனக்காகப் பேசிய ஒரே மனிதரை! கப்பலின் அதிகாரியான, பாதி வேற்றுக்கிரகவாசி ஸ்பாக்கையும் தாக்குகிறது, ஆனால் அவர் ரத்தத்தில் இருக்கும் உப்பு வேறு மாதிரி என்பதால் அவர் பிழைத்துக்கொள்கிறார். இதற்கப்புறம் கர்க் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. கடைசியில் நான்சி முகத்தோடு கெஞ்சும் அதை மெக்காய் சுடுவதிலும் தவறில்லை, சுடாவிட்டால் கர்க் செத்திருப்பார்.

ஆனாலும் அந்த மேசையிலேயே ஒரு கிண்ணம் உப்பை வைத்திருந்தால் கிரேட்டராவது பிழைத்திருப்பார் என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.