கிளிமூக்கு மாங்காய்க்கு முன்னால் இருபது நிமிடம்

ஒன்றரை ஆண்டாக, காலையில் பால் காய்ச்சி முடித்ததும், கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இருபது நிமிடம் எதையாவது நேரில் பார்த்து வரைந்து வருகிறேன். செம்போ, அரிவாள்மனையோ, எதிர் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயோ, எதுவாக இருந்தாலும் அது என் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது ஒன்றே நான் வைத்துக்கொண்ட விதி. கைபேசிப் படத்தைப் பார்த்து வரைவதில்லை.

இந்த வாரம் முழுவதும் ஒரே ஒரு பெங்களூரா மாங்காயைத்தான் வரைந்தேன். எங்கள் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் அந்தக் காயைப் பிறந்தது முதல் பார்த்து வருகிறேன். அப்படியிருந்தும் முதல் நாள் என் பென்சில் வரைந்தது, பள்ளியில் கரும்பலகையைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நோட்டில் பதித்துக்கொண்ட மாங்காயைத்தான். ஊரெங்கும் தோப்புகள் காய்த்துத் தொங்கிய பருவத்தில்கூட, அந்த வகுப்பில் ஒரு காயை எடுத்து மேசைமேல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இரண்டாம் நாள் காகிதத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, காயின் விளிம்பில் கண் ஊர்கிற வேகத்திலேயே பென்சிலையும் நகர்த்தினேன். வடிவம் கோணலாகத்தான் வந்தது. ஆனால், அடிப்பக்கம் சட்டென்று உள்வாங்கி, பிறகு கூர்மையாக வெளியே வளைகிற அந்த மூக்கு முதன்முறையாகக் காகிதத்தில் இருந்தது. கிளிமூக்கு என்று பெயர் வைத்தவர் அந்த வளைவை நின்று பார்த்திருக்கிறார். காம்பு முறிந்த இடத்திலிருந்து வடிந்த பால் தோலைக் கருக்கியிருந்த கோடு, தோளருகே நெருங்கியும் மூக்கருகே விலகியும் கிடந்த வெளிர்ப் புள்ளிகள் ஆகியவற்றை மூன்றாம் நாள்தான் கண்டேன்.

தியானத்தில் அமர்ந்தால் மனம் எப்போது நழுவியது என்பதே எனக்குத் தெரிவதில்லை. வரையும்போது தெரிந்துவிடுகிறது. சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்த அந்தக் கணத்திலேயே கோடு காயை விட்டு விலகி, எனக்கு ஏற்கெனவே தெரிந்த வளைவுக்குத் திரும்பிவிடுகிறது. மனம் எங்கே போனது என்பதைக் கோட்டின்மேல் விரல் வைத்தே காட்ட முடியும். அதனால்தான் நான் ரப்பரைப் பயன்படுத்துவதில்லை.

அசையும் உயிர்களிடம் இவ்வளவு நிதானம் செல்லுபடியாகாது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆடு வரைய நின்றால், முதுகுக்கோடு முடிவதற்குள் அது திரும்பிவிடும்; கழுத்து, முதுகு, ஊன்றிய கால் என்று மூன்று நான்கு கோடுகளில் நிறுத்திக்கொள்ளத்தான் வேண்டும். பர்கூருக்கு அருகில் மல்லப்பாடிப் பாறையில் பழங்காலத்தில் வெள்ளை நிறத்தில் தீட்டப்பட்டிருக்கும் குதிரை வீரர்களும் அத்தகைய சில கோடுகள்தாம் என்பது, சந்தையில் பல ஆடுகளைத் தவறவிட்ட பிறகே எனக்குப் புரிந்தது. குதிரை ஓடுவதைப் பலமுறை பார்த்த கை அது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று ஆறாம் நாள். காய் பழுத்து, மூக்கின் பச்சை மட்டும் மாறாமல், காம்பைச் சுற்றித் தோல் மெல்லச் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. நறுக்கட்டுமா என்று அம்மா கேட்டார்கள். அந்தச் சுருக்கத்தை நாளைக் காலை வரைந்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.